முதல் சந்திப்பு எங்கே நடந்தது?

ஒவ்வாமைக்கு ஒரு விதி உண்டு. முதல் தடவை எதுவும் நடக்காது. வேர்க்கடலையோ இறாலோ பென்சிலினோ, உடல் அதை முதன்முதலாகச் சந்திக்கும்போது வெளியே எதையும் காட்டிக்கொள்ளாது. உள்ளுக்குள் மட்டும் அந்தப் பொருளுக்கென்றே ஓர் எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் எல்லாம் அடுத்த சந்திப்பிலோ அதற்கும் அடுத்ததிலோதான். 'சின்ன வயசிலிருந்து சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தேன், இப்போது மட்டும் ஏன்?' என்று நோயாளிகள் கேட்பது இதனால்தான்.

விந்து ஒவ்வாமை இந்த விதிக்கு அடங்காதது போலத் தெரிந்தது. ஆணின் விந்துநீர் பட்டால் பெண்ணின் உடல் ஒவ்வாமை காட்டுகிற இந்த நோய் அரிதானது. ஆனால் கட்டுக்கதை அல்ல. மருத்துவ இதழ்களில் பதிவான நோயாளிகளில் பாதிக்கு நெருக்கமானவர்களுக்கு வாழ்க்கையின் முதல் உடலுறவிலேயே தொல்லை தொடங்கியிருக்கிறது. அதற்கு முன் அவர்கள் உடலில் விந்து பட்டதே இல்லை. அப்படியென்றால் எதிர்ப்பொருள் எங்கிருந்து வந்தது? விதி தவறா, அல்லது யாருக்கும் தெரியாமல் முதல் சந்திப்பு வேறெங்கோ நடந்து முடிந்துவிட்டதா?

ஒவ்வாமை மருத்துவர்களை அரை நூற்றாண்டு அலைக்கழித்த கேள்வி இது. விடை கட்டிலில் இல்லை. கட்டிலுக்கடியில் படுத்திருந்த நாயிடம் இருந்தது. குறைந்தது ஒரு பகுதி நோயாளிகளின் விஷயத்தில்.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். உறவு முடிந்த சில நிமிடங்களில், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள், பிறப்புறுப்பில் எரிச்சலும் அரிப்பும் தொடங்கும், சிவந்து வீங்கும். பலருக்கு இதோடு நின்றுவிடும். சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு எழும்பும், உதடும் கண்ணிமையும் வீங்கும், மூச்சு இரைக்கும். மிகச் சிலருக்கு ரத்த அழுத்தம் சரிந்து மயக்கமே வரும். அட்ரினலின் ஊசி போட்டுக் காப்பாற்ற வேண்டிய நிலை அது. விந்து தோலில் பட்டாலும் அந்த இடம் தடிப்பதைச் சிலர் கவனித்திருக்கிறார்கள்.

இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது? சொல்லத் தயங்கியே சில பெண்கள் வருடங்களைக் கழித்துவிடுகிறார்கள். சொன்னாலும் முதலில் கிடைப்பது பூஞ்சைத் தொற்றுக்கான களிம்புதான். அதில் தப்பில்லை, எரிச்சலும் அரிப்பும் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தொற்றுதான் காரணம். சோதனையில் கிருமி எதுவும் இல்லை என்று வந்த பிறகும் களிம்பு மாற்றிக் களிம்பு எழுதிக்கொண்டிருப்பதுதான் தப்பு. அதைவிடக் கொடுமை, 'மனசில்தான் பிரச்சினை, கணவர் மேல் விருப்பமில்லை' என்று முடிவு கட்டுவது.

1958இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் ஸ்பெக்கன் இப்படி ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். உறவுக்குப் பின் தடிப்பும் மூச்சிரைப்பும் வந்த அந்தப் பெண்தான் மருத்துவ உலகில் பதிவான முதல் விந்து ஒவ்வாமை நோயாளி. கட்டுரை டச்சு மொழியில் இருந்ததாலோ என்னவோ, அதிகம் பேர் கண்ணில் படவில்லை. 1967இல் பாரிஸிலிருந்து பெர்னார் ஆல்பெர்னும் அவரது சகாக்களும் இன்னொரு பெண்ணை விரிவாக ஆராய்ந்து எழுதியபோதுதான் விஷயம் சூடுபிடித்தது. ஆல்பெர்ன் சாதாரண ஆள் இல்லை. இன்று ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் நாம் போட்டுக்கொள்ளும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகளின் முன்னோடியை 1942இல் நோயாளிகளுக்குப் பயன்படும் வகையில் கொண்டுவந்தவர். அந்தப் பெண்ணின் ரத்தத்தில் 'ரியாஜின்' வகை எதிர்ப்பொருள் இருப்பதாக அவர் குழு கண்டது.

அந்த ரியாஜின் என்பது என்னவென்று அப்போது பலருக்கும் மங்கலாகத்தான் தெரியும். ஜெர்மனியின் பிரெஸ்லாவில் 1921இல் நடந்த சோதனையிலிருந்து தொடங்குகிறது அதன் கதை. சோதனையைச் செய்த இரு மருத்துவர்களில் ஒருவரான ஹைன்ஸ் குஸ்ட்னருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. அவருடைய ரத்தத்தின் தெளிநீரைச் சிறிது எடுத்து, மற்றவரான கார்ல் பிராஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். மீனை நன்றாகச் சாப்பிடக்கூடிய பிராஸ்னிட்ஸுக்கு அந்த ஓர் இடத்தில் மட்டும் கொப்புளம்போல் தடித்தது. ஒவ்வாமையை ஒருவர் ரத்தத்திலிருந்து இன்னொருவர் தோலுக்கு மாற்றும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று உறுதியானது. அது என்ன என்று கண்டுபிடிக்க இன்னும் நாற்பத்தைந்து வருடம் ஆயிற்று. அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே, தெருகோ இஷிசாகா தம்பதியும், சுவீடனின் உப்சாலாவில் யொஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியே அதைப் பிடித்தார்கள். 1968இல் அதற்கு ஐஜிஇ என்று பெயர் வைக்கப்பட்டது. உப்சாலா இந்தக் கதையில் இன்னொரு தடவை வரும்.

ஐஜிஇ, மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தோல், மூக்கு, நுரையீரல், பிறப்புறுப்பின் உட்சுவர் என்று உடல் வெளியுலகைத் தொடும் இடமெல்லாம் மாஸ்ட் செல்கள் உண்டு. தனக்குரிய புரதம் வந்து மாட்டியதும் செல் வெடித்ததுபோல ஹிஸ்டமினைக் கொட்டும். ரத்தக் குழாய் விரியும், நீர் கசியும், நரம்பு அரிக்கும். சில நிமிட வேலை.

ஆக, விந்தில் ஏதோ ஒரு புரதம். எது?

விந்து என்றதும் உயிரணு நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் விந்துநீரின் அளவில் உயிரணுக்களின் பங்கு சில சதவீதம்தான். மீதியெல்லாம் விந்துப்பைகளும் புரோஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் திரவம். உயிரணுக்களைக் கழுவிப் பிரித்துத் தனியாகச் சோதித்தால் ஒவ்வாமை வரவில்லை. திரவத்தைச் சோதித்தால் வந்தது. பின்னால் சிகிச்சைக்கு மிகவும் உதவப்போகும் தகவல் இது. சந்தேக வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து, 2006இல் ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள் ஒரு பெயரைச் சொன்னார்கள்: பி.எஸ்.ஏ.

அந்தப் பெயரைக் கேள்விப்படாத ஐம்பது வயது ஆண் நகரங்களில் குறைவு. மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியலில் இருக்குமே, புரோஸ்டேட் புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை, அதே பி.எஸ்.ஏ.தான். ரத்தத்தில் அது மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமைத் தாண்டினால் வழக்கமாக டாக்டர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். ஆனால் ரத்தம் அதன் இருப்பிடமே அல்ல. அங்கே தென்படுவது கசிவு. அதன் உண்மையான இடம் விந்துநீர். அங்கே மில்லிகிராம் கணக்கில், அதாவது ரத்தத்தில் இருப்பதைப் போலப் பத்து லட்சம் மடங்குக்குப் பக்கமாக இருக்கும். பாலியல் குற்ற வழக்குகளில் துணியில் படிந்த கறை விந்துதானா என்று தடயவியல் ஆய்வகம் பார்ப்பதும் இதை வைத்துத்தான். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஆணின் விந்தில் உயிரணு இருக்காது, பி.எஸ்.ஏ. இருக்கும்.

அதற்கு அங்கே என்ன வேலை? வெளியேறிய விந்து உடனே கூழ்போல உறைந்துகொள்ளும். விந்துப்பையிலிருந்து வரும் செமினோஜெலின் என்ற புரதத்தின் வேலை அது. உயிரணுக்கள் அந்தக் கூழில் சிக்கியிருக்கும். பி.எஸ்.ஏ. ஒரு நொதி, புரதத்தை வெட்டும் கத்தரி வகையைச் சேர்ந்தது. அது செமினோஜெலினைத் துண்டு துண்டாக வெட்ட, இருபது முப்பது நிமிடத்தில் கூழ் இளகி நீராகிவிடும். உயிரணுக்கள் விடுபட்டு நீந்தும். குழந்தைப்பேறு மருத்துவமனைகளில் விந்துப் பரிசோதனைக்குக் கொடுத்த பிறகு சிறிது நேரம் காத்திருக்க வைப்பது இந்த இளகலுக்காகத்தான்.

புரதம் கிடைத்துவிட்டது. ஆனால் பழைய கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. புரோஸ்டேட்டிலிருந்து கொட்டும் புரதத்தை, ஆணோடு உறவே கொள்ளாத ஒரு பெண் எங்கே சந்தித்திருக்க முடியும்?

ஸ்பெயினில் பார்சிலோனாவை ஒட்டிய படலோனா நகரில் ஒவ்வாமை மருத்துவர்கள் ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். விந்து ஒவ்வாமை. கூடவே இன்னொரு விஷயம்: அவருக்கு நாயும் ஒத்துக்கொள்ளாது. ஒவ்வாமை உடம்புக்காரர்களுக்கு நாலைந்து பொருள் ஒத்துக்கொள்ளாமல் இருப்பது சகஜம். பெரும்பாலான டாக்டர்கள் இதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு நகர்ந்திருப்பார்கள். படலோனா குழு நகரவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ என்று சோதித்துப் பார்த்தது.

சோதனை எளிமையானது, அழகானதும்கூட. நோயாளியின் ரத்தத் தெளிநீரில் விந்துப் புரதத்தைப் பிடிக்கும் ஐஜிஇ இருக்கிறது. அந்தத் தெளிநீரில் முதலில் நாயின் தோல் செதிலிலிருந்து எடுத்த சாற்றைக் கலக்க வேண்டும். பிறகு அதை விந்துப் புரதத்தின் மேல் ஊற்ற வேண்டும். இரண்டும் வேறு வேறு ஒவ்வாமை என்றால், நாய்ச் சாறு கலந்தாலும் கலக்காவிட்டாலும் ஐஜிஇ விந்துப் புரதத்தைப் பிடிக்கும். ஒரே எதிர்ப்பொருள்தான் இரண்டையும் பிடிக்கிறது என்றால், நாய்ச் சாற்றிலேயே அது செலவாகிப் போயிருக்கும். விந்துக்கு மிச்சம் இருக்காது. நாய்ச் சாறு தடுக்கிறது என்பதுதான் கிடைத்த விடை. அந்த ஐஜிஇ விந்தில் பிடித்த புரதம் பி.எஸ்.ஏ. கட்டுரை 2008இல் வந்தது.

நாயிடம் மனிதனின் பி.எஸ்.ஏ. இருக்க முடியாது. அதைப் போன்ற ஒன்று இருக்க வேண்டும். அது என்ன என்று மறு வருடமே தெரிந்தது, உப்சாலாவிலிருந்து.

ஐஜிஇ கண்டுபிடிக்கப்பட்ட அதே ஊரில்தான், அதை ரத்தத்தில் அளக்கும் சோதனைகளும் தொழிலாக வளர்ந்தன. அங்கே ஃபாடியா நிறுவனத்தில் இயங்கிய மாட்சன், லிட்ஹோல்ம் குழுவினரின் கவலை விந்து அல்ல, நாய் ஒவ்வாமைதான். அதுவரை தெரிந்திருந்த நாய்ப் புரதங்கள் பெரும்பாலும் எச்சிலிலும் தோலிலும் சுரப்பவை. நாய் பக்கத்தில் வந்தாலே தும்முகிற சில நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தால், அவற்றில் எதற்கும் எதிர்ப்பொருள் இல்லை. கணக்கில் எங்கோ ஒரு புரதம் விட்டுப்போயிருந்தது. அதை அவர்கள் நாயின் சிறுநீரில் கண்டுபிடித்தார்கள். புரோஸ்டேட்டில் சுரக்கும் நொதி அது, மனிதனின் பி.எஸ்.ஏ. சேர்ந்த அதே கல்லிக்ரைன் குடும்பம். நாய் ஒவ்வாமைப் புரதங்களின் வரிசையில் அதற்கு 'கேன் எஃப் 5' என்று பெயர். சோதித்த நாய் ஒவ்வாமைக்காரர்களில் சுமார் 70 சதவீதம் பேரின் ரத்தம் அதைப் பிடித்தது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது மட்டும்தான் பிரச்சினை. நாயின் மற்றப் புரதங்கள் எதுவும் அவர்களை ஒன்றும் செய்யவில்லை.

புரோஸ்டேட் சமாச்சாரம் சோபாவுக்கு எப்படி வந்தது என்று நாய் வளர்ப்பவர்கள் கேட்கமாட்டார்கள். கம்பத்துக்குக் கம்பம் கால் தூக்கும் பிராணி அது. நாய்க்கு விந்துப்பைகள் கிடையாது. விந்துத் திரவத்தை ஏறக்குறைய முழுக்க புரோஸ்டேட்தான் சுரந்தாக வேண்டும். அதனால் அந்தச் சுரப்பி தாராளமாக வேலை செய்கிறது, அதன் கசிவு சிறுநீரோடு கலந்து வருகிறது. கால் தூக்கி முடித்ததும் நாய் தன்னை நக்கிக்கொள்ளும். அதே நாக்கால் முதுகை, வாலை, காலை நக்கும். எச்சில் காய்ந்து முடியிலும் செதிலிலும் ஒட்டும். முடி உதிர்ந்து மெத்தை விரிப்பில், தரைவிரிப்பில், குழந்தையின் சட்டையில் சேரும். வீட்டுக்குள் நாயோடு புரண்டு வளரும் ஒரு சிறுமி பத்து வயதுக்குள் இந்தப் புரதத்தை எத்தனை ஆயிரம் தடவை மூச்சோடு இழுத்திருப்பாள்!

முதல் சந்திப்பு அங்கே நடந்திருக்கிறது. எதிர்ப்பொருள் நாய்க்காகத் தயாரானது. வருடங்கள் கழித்து முதல் உறவின்போது விந்தில் பி.எஸ்.ஏ. வந்ததும், அண்ணனைத் தேடி வந்தவன் தம்பியின் சட்டையைப் பிடிப்பது போல, அது இதைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு புரதங்களின் அமினோ அமில வரிசையில் ஏறக்குறைய 60 சதவீதம் ஒன்றாகவே இருக்கிறது. நாய்க்கும் மனிதனுக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து இறங்கி வந்த குடும்பச் சாயல் அது. எதிர்ப்பொருள் முழுப் புரதத்தையும் பார்ப்பதில்லை. மேற்பரப்பில் சில திட்டுகளைத்தான் பார்க்கும். அந்தத் திட்டுகள் ஒத்துப்போனால் அதற்குப் போதும்.

இந்த மாதிரிக் குறுக்கு ஒவ்வாமை வேறு இடங்களிலும் உண்டு. ஐரோப்பாவில் பிர்ச் மரத்தின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆப்பிள் கடித்தால் வாய் அரிக்கும். பூனை ஒவ்வாமை உள்ள சிலருக்குப் பன்றி இறைச்சி ஒத்துக்கொள்வதில்லை. அங்கே பொதுவாக இருப்பது அல்புமின் என்ற ரத்தப் புரதம். இவற்றோடு ஒப்பிட்டால் நாயும் விந்தும் ஒன்றும் விசித்திர ஜோடி அல்ல. விசித்திரமாக நமக்குப் படுவது நம் கூச்சத்தால்தான்.

படலோனாவுக்குப் பிறகு மற்ற ஊர்களிலிருந்தும் இதே கதை வந்தது. 2012இல் ஆஸ்திரிய மருத்துவர்கள் உப்சாலா குழுவோடு சேர்ந்து ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். 2019இல் ஜப்பானிலிருந்து இன்னொன்று: அங்கேயும் விந்து ஒவ்வாமை, அங்கேயும் ரத்தத்தில் கேன் எஃப் 5-க்கு எதிர்ப்பொருள்.

புரோஸ்டேட் ஆணுக்குத்தானே உண்டு? அப்படியானால் கேன் எஃப் 5 மட்டுமே ஒத்துக்கொள்ளாதவருக்குப் பெட்டை நாய் ஒன்றும் செய்யக்கூடாதே? டென்மார்க்கின் கோபன்ஹேகனில், பிறந்ததிலிருந்து பின்தொடரப்பட்டுவரும் குழந்தைகள் குழுவில் இதை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். ஆண் நாயின் சாறு, பெட்டை நாயின் சாறு என்று தனித்தனியே தயாரித்து, முன்கைத் தோலில் சொட்டு வைத்துக் குத்தினார்கள். கேன் எஃப் 5-க்கு மட்டும் எதிர்ப்பொருள் கொண்டிருந்த பிள்ளைகளுக்கு ஆண் நாய்ச் சாறு வைத்த இடம் தடித்தது. பெட்டை நாய்ச் சாறு வைத்த இடம் அப்படியே இருந்தது. 2017இல் இந்த முடிவு வெளிவந்தபோது நாய்ப் பிரியர்களுக்குப் பெரிய ஆறுதல். 'நாயை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கு முன், எந்தப் புரதம் என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை இப்போது இருக்கிறது. காயடித்த ஆண் நாய்க்கும் புரோஸ்டேட் சுருங்கி, சுரப்பு வற்றிவிடும். அந்த நொதி ஆண் ஹார்மோனை நம்பியே சுரப்பது. ஆண் ஹார்மோனுக்கும் ஒவ்வாமைப் புரதத்துக்கும் உள்ள இந்த உறவு நாயோடு முடியவில்லை. பூனையின் முக்கிய ஒவ்வாமைப் புரதமும் காயடிக்காத ஆண் பூனையில்தான் அதிகம். ஆய்வகங்களில் எலி வளர்ப்பவர்களுக்கு மூச்சிரைப்பு வரவைக்கும் புரதத்தையும் ஆண் எலிகள்தான் சிறுநீரில் அள்ளிக் கொட்டுகின்றன. ஆனால் 'அலர்ஜி தராத ஜாதி' என்று பணம் பிடுங்கும் விற்பனையாளர்களின் பேச்சை நம்ப வேண்டாம். அப்படிச் சொல்லப்படும் ஜாதிகளின் முடியில் இன்னொரு முக்கியப் புரதமான கேன் எஃப் 1 குறைவாக இல்லை, கூடுதலாகவே இருக்கிறது என்று நெதர்லாந்தில் அளந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு தடுப்பு போட வேண்டியிருக்கிறது. இந்த ஆய்வுகள் வந்ததும் சில பத்திரிகைகள் 'நாய் வளர்க்கும் பெண்களே, உஷார்!' என்ற தொனியில் எழுதின. வீண் பயம். நாய் ஒவ்வாமை உள்ளவர்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோருக்குக் கேன் எஃப் 5-க்கு எதிர்ப்பொருள் உண்டு. விந்து ஒவ்வாமையோ அரிது. ரத்தத்தில் ஐஜிஇ இருப்பது வேறு, நோய் வருவது வேறு. மறுபக்கமும் உண்மை: நாயைத் தொட்டே இராத பெண்களுக்கும் விந்து ஒவ்வாமை வந்திருக்கிறது. பிறப்புறுப்பில் மட்டும் எரிச்சல் வருகிற பலருக்குத் தோல் சோதனையிலும் ரத்தச் சோதனையிலும் ஐஜிஇ அகப்படுவதே இல்லை. அங்கே வேறு வழிமுறை வேலை செய்யக்கூடும்.

எத்தனை பேருக்கு என்பதும் வழுக்கும் கேள்வி. அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜோனதன் பெர்ன்ஸ்டைன் பல பத்தாண்டுகளாக இந்த நோயோடு மல்லுக்கட்டுகிறவர். 1997இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் 1,073 பெண்கள் கேள்வித்தாளை நிரப்பி அனுப்பினார்கள். அவர்களில் 130 பேருக்கு, அதாவது 12 சதவீதத்தினருக்கு, விந்து ஒவ்வாமை இருக்கலாம் என்று கணித்தார்கள். இந்த 12 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு 'எட்டில் ஒரு பெண்ணுக்கு' என்று எழுதுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஏற்கெனவே உறவுக்குப் பின் தொல்லை இருந்து, விவரம் கேட்டு வந்த பெண்கள் அவர்கள். தெருவில் போகிற பெண்களை எண்ணி எடுத்த கணக்கல்ல.

விந்து குற்றமற்றதாக இருந்து, அது சுமந்து வந்த பொருள் குற்றவாளியான சம்பவமும் உண்டு. 2007இல் பதிவானது அது, லண்டன் பக்கம். இருபது வயதுப் பெண். பிரேசில் நட் என்னும் கொட்டை அவருக்கு ஆகாது என்பது ஏற்கெனவே தெரியும். அவருடைய துணைவர் பல கொட்டைகள் கலந்த பொட்டலத்தைத் தின்றார். அதில் பிரேசில் நட்டும் இருந்தது. பெண்ணின் ஒவ்வாமை தெரிந்தவர் என்பதால் குளித்தார், பல் தேய்த்தார், நகத்தைக்கூடச் சுத்தம் செய்தார். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து உறவு. அந்தப் பெண்ணுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பும் வீக்கமும், உடம்பில் தடிப்பு, கொஞ்சம் மூச்சுத்திணறல். டாக்டர்கள் துணைவரின் விந்தை இரண்டு முறை வாங்கினார்கள்: கொட்டை தின்பதற்கு முன் ஒன்று, தின்று இரண்டரை மணி நேரம் கழித்து ஒன்று. இரண்டையும் பெண்ணின் தோலில் வைத்துக் குத்தினார்கள். முன்னதற்கு ஒன்றுமில்லை. பின்னதற்கு 7 மில்லிமீட்டர் தடிப்பு. கொட்டையின் புரதம் செரிமானத்தைத் தாண்டி, ரத்தத்தில் ஏறி, விந்துவரைக்கும் போயிருக்கிறது. பல் தேய்த்து என்ன பயன்? துணைவர் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக் மாத்திரை இப்படிக் கடந்துபோய்ப் பெண்ணைத் தாக்கிய சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. அதனால் 'எப்போதும் வருகிறதா, எப்போதாவது மட்டும் வருகிறதா?' என்ற கேள்வி முக்கியம். எப்போதாவது என்றால், அன்றைக்குத் துணைவர் என்ன சாப்பிட்டார் என்றும் கேட்டுவிட வேண்டும்.

ஆண்களுக்குத் தங்கள் விந்தே ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்பது இதன் ஒட்டுக் கேள்வி. விந்து வெளியேறிய பின் பல நாட்கள் காய்ச்சல் போலவும் அடித்துப்போட்டது போலவும் கிடக்கும் ஆண்களை நெதர்லாந்தின் மார்செல் வால்டிங்கர் 2002இல் விவரித்தார். 2011இல் அப்படிப்பட்ட 33 பேருக்குச் சொந்த விந்தைக் கொண்டே தோல் சோதனை செய்ததில் 29 பேருக்குத் தடித்தது. அது ஒவ்வாமைதான் என்றார் அவர். எல்லோரும் ஏற்கவில்லை, விவாதம் இன்னும் ஓயவில்லை.

பெண்ணுக்கு இருப்பது விந்து ஒவ்வாமைதானா என்று அறிய, விலை அதிகமில்லாத முதல் சோதனை ஆணுறை. அணிந்தால் தொல்லை முழுக்க நிற்கிறது, அணியாவிட்டால் திரும்புகிறது என்றால் சந்தேகம் வலுக்கிறது. ஆணுறை அணிந்தும் அரித்தால், ரப்பர் பாலான லேடெக்ஸைச் சந்தேகிக்கலாம். லேடெக்ஸ் இல்லாத ஆணுறை கடைகளில் உண்டு. அடுத்த கட்டம் மருத்துவமனையில். துணைவரின் விந்தை வாங்கி, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ்கள், மேகப்புண் ஆகியவை அவருக்கு இல்லையென்று உறுதிசெய்த பிறகு, இளக விட்டுச் சுழற்றிப் பிரித்து, மேலே தெளியும் திரவத்தைப் பெண்ணின் முன்கையில் ஒரு சொட்டு வைத்து ஊசிமுனையால் லேசாகக் குத்துவார்கள். பக்கத்தில் ஹிஸ்டமின் ஒரு சொட்டு, உப்புநீர் ஒரு சொட்டு, ஒப்பிட்டுப் பார்க்க. கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

துணையை மாற்றினால் சரியாகுமா? பி.எஸ்.ஏ.தான் காரணம் என்றால் ஆகாது. அது எல்லா ஆண்களிடமும் இருப்பது. நல்ல வேளையாக, மாற்ற வேண்டியதும் இல்லை. லேசான தொல்லை உள்ளவர்கள் உறவுக்கு முன் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கிறார்கள். கடுமையாக வருகிறவர்கள் அட்ரினலின் ஊசியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். ஆணுறை வேண்டாம், குழந்தை வேண்டும் என்கிறவர்களுக்கு உடலைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. துணைவரின் விந்துத் திரவத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீர்க்கச் செய்து, மருத்துவமனையிலேயே, அவசர மருந்துகளைத் தயாராக வைத்துக்கொண்டு, பிறப்புறுப்பினுள் சிறிது செலுத்துவார்கள். கால் மணி, இருபது நிமிடம் காத்திருந்து, ஒன்றும் ஆகாவிட்டால் அதைவிடச் செறிவானது. இப்படியே படிப்படியாகக் கலப்பில்லாத திரவம்வரைக்கும் போய்விடலாம். சில மணி நேர வேலை.

கருத்தரிக்க இந்த ஒவ்வாமை தடை அல்ல. உயிரணுவின் மேலேயே எதிர்ப்பொருள் ஒட்டிக் கருத்தரிப்பைக் கெடுக்கும் நோய் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுண்டு. பழக்கும் சிகிச்சை ஒத்துவராத பெண்களுக்கு, விந்திலிருந்து உயிரணுக்களைக் கழுவிப் பிரித்து, பி.எஸ்.ஏ. கலந்த திரவத்தை நீக்கிவிட்டு, நேராகக் கருப்பைக்குள் செலுத்துகிறார்கள். அப்படிக் கருவுற்று நலமாகப் பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

பழக்கும் சிகிச்சைக்கு ஒரு நிபந்தனை உண்டு. உடல் பழகிய பழக்கம் தங்க வேண்டுமானால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது ஆணுறை இல்லாத உறவு தொடர வேண்டும். துணைவர் வேலைக்காக வெளியூர் போய் நீண்ட நாள் தங்கிவிட்டால் பழக்கம் விட்டுப்போகும், மறுபடியும் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சிகிச்சைக்கு முன் தம்பதியைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசும்போது, பயண அட்டவணையைப் பற்றியும் டாக்டர்கள் கேட்டுவைப்பது நல்லது.